முதலாளி தூங்கும் காட்சி

படத்தில் ஒருவரும் பேச மாட்டார்கள். கறுப்பு வெள்ளை. பியானோ மட்டும் விடாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஆட்கள் வெடுக் வெடுக்கென்று நடப்பார்கள், விழுவார்கள், எழுந்து நின்று மறுபடியும் விழுவார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரர்கள் எடுத்த ஊமைச் சிரிப்புப் படங்களைப் போலவே ஒன்றை இந்தக் காலத்தில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சென்னையில் ஒரு பையனுக்கு ஆசை வந்தது. ஆசை யாருக்கு வேண்டுமானாலும் வரலாம். அதற்காக அவன் கன்னியாகுமரிப் பக்கம் அஞ்சுகிராமம் வரைக்கும் வந்திருக்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

அவனைக் கூட்டிக்கொண்டு வந்தது பிரபின். நம்மூரில் கல்யாணங்களுக்குப் படம் பிடிக்கிறவன். ஊமைப்படம் என்றால் யாராவது வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்தே ஆக வேண்டுமாம். "தோலுதானே? எங்க ஊருல ஒரு கடை இருக்கு, வா" என்று சொல்லி, வைகுண்டமணியின் பழக்கடையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான்.

வைகுண்டமணி கடைத்தெருவில் ஒரு மரியாதையான ஆள். மொத்தமாக வாழைக்குலை வாங்கி விற்கிறவர். கடைக்குள் நுழைந்தால் தலைக்கு மேலே கொக்கி கொக்கியாகக் குலைகள் தொங்கும். குனிந்துதான் போக வேண்டும். அவர் மட்டும் எங்கே எந்தக் குலை தொங்குகிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டு நிமிர்ந்தே நடப்பார். கடையில் படம் எடுக்கட்டுமா என்று கேட்டபோது முதலில் முடியாது என்றுதான் சொன்னார். பிறகு மகனுடைய முகத்தைப் பார்த்தார்.

மகன் சுயம்புராஜ். கத்தாரில் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டதால் ஊருக்கு வந்தவன். மொபைல் ரீசார்ஜ் கடை போட்டான், ஓடவில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டினான், மேனேஜரோடு சண்டை போட்டுவிட்டு வந்தான். இப்போது அப்பாவின் கடையில் குலை இறக்கிக்கொண்டிருக்கிறான். வந்த வாடிக்கையாளரிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டான். அப்படிப்பட்டவனைப் பார்த்து அந்த டைரக்டர் தம்பி, "அண்ணா, உங்க முகம் ஊமைப்படத்துக்குன்னே செஞ்ச முகம். தொழிலாளி வேஷம் நீங்கதான்" என்று சொன்னதும், பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு அவன் அப்படிச் சிரித்து அப்பா பார்த்தது அன்றைக்குத்தான். கடையைக் கொடுத்துவிட்டார்.

முதலாளி வேஷத்துக்கு நாகர்கோவிலிலிருந்து வர வேண்டியவர் வரவில்லை. போன் அடித்துப் பார்த்தார்கள், எடுக்கவில்லை. டைரக்டர் தம்பி வைகுண்டமணியின் வெள்ளை மீசையையும் வயிற்றையும் ஒரு பார்வை பார்த்தான்.

"ஐயா, நீங்களே நடிச்சிடுங்களேன். ஒண்ணும் பண்ண வேணாம். பெஞ்சுல படுத்துத் தூங்கணும், அவ்ளோதான்."

"தூங்கதுக்கு எனக்கு சொல்லித் தரணுமா தம்பி" என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். அப்படியே ஒத்துக்கொண்டுவிட்டார்.

தொப்பியில்தான் முதல் தகராறு. முதலாளிக்கு ஒரு உருண்டைத் தொப்பி கொண்டுவந்திருந்தார்கள். அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது நமக்குச் சேராது. தலைப்பா கெட்டிக்கிடுதேன்."

வீட்டிலிருந்து துவைத்த வெள்ளைத் துணி வந்தது. வைகுண்டமணி அய்யாவழிக்காரர், அவர்கள் சாமிக்குப் பெயரே அய்யாதான். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர்கள் கும்பிடும் இடமான நிழல்தாங்கலுக்குப் போவார். கோயில்களில் ஆண்கள் தலைத்துண்டை அவிழ்ப்பார்கள். தாங்கலில் தலைப்பாகை கட்டாமல் உள்ளே போகக் கூடாது. கருவறையில் சிலை இருக்காது, கண்ணாடிதான் இருக்கும். தலைப்பாகை கட்டி, நெற்றியில் நாமமிட்டு, அந்தக் கண்ணாடிக்கு முன்னால் தன்னையே பார்த்துக் கும்பிட வேண்டும். "எங்க பாட்டன்மாரு தலையில துணி கெட்டக் கூடாதுன்னு மேல்சாதிக்காரனுவ அடிச்ச ஊரு தம்பி இது. அய்யா வந்துதான் கெட்டுலேன்னு சொன்னாரு" என்று துணியை முறுக்கிச் சுற்றிக்கொண்டே சொன்னார். டைரக்டர் தம்பி தலையை ஆட்டினான். அவன் கண் வெளிச்சம் எப்படி விழுகிறது என்பதில் இருந்தது.

"ஐயா, நான் கட் சொல்ற வரைக்கும் கண்ணைத் திறக்கக் கூடாது. என்ன சத்தம் கேட்டாலும் அசையக் கூடாது."

"கெட்டுன்னா சொல்லுவே? நான்தான் கெட்டியாச்சே" என்று தலையைத் தொட்டுக் காட்டினார் வைகுண்டமணி. பிரபின் மட்டும் சிரித்தான். நம்மூரில் 'கட்டு' என்பதைக் 'கெட்டு' என்போம், அதைத்தான் அவர் 'கட்'டோடு முடிச்சுப் போட்டார். சென்னைப் பையனுக்கு அது புரியவில்லை.

பேச்சே இல்லாத படமாதலால் வசனம் கிடையாது. யார் என்ன செய்ய வேண்டும் என்பதை நல்ல தமிழில் எழுதி ஆளுக்கொரு தாள் கொடுத்திருந்தார்கள். சுயம்புராஜின் தாளில் அந்தக் காட்சிக்கு ஒரே வரி: 'தூங்கும் முதலாளியைத் தொழிலாளி ஆவேசமாகச் சாடுகிறான்.'

இதை மதுரைக்காரன் படித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. முதலாளி விழித்திருக்கும்போது வாயைத் திறக்க முடியாத தொழிலாளி, அவர் தூங்கும்போது கையை ஆட்டி, கண்ணை உருட்டி, சத்தமில்லாமல் திட்டித் தீர்க்கிறான் என்று புரிந்திருக்கும். நம்மூரில் சாடுவது என்றால் குதிப்பது. சின்ன வயதில் குளத்தில் சாடினோம், சுவரைச் சாடினோம், பஸ்ஸிலிருந்து சாடினோம். சுயம்புராஜ் தாளைப் படித்தான். பெஞ்சில் படுத்திருக்கும் அப்பாவைப் பார்த்தான். அப்பாவுக்கு மேலே குதிப்பதா என்று ஒரு கணம் யோசித்தான்.

"தம்பி, மெதுவா சாடட்டா, வேகமாவா?"

"நல்லா ஆவேசமா சாடுங்க அண்ணா! உள்ளே இருக்கறதெல்லாம் வெளியே வரணும்!"

பிரபின் கேமராவுக்குப் பின்னால் குனிந்தாயிற்று. வெளியே கடைத்தெருவே கூடி நின்றது. எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று சுயம்புராஜுக்குத் தெரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டினான், பின்னால் போய் ஓடி வந்தான், சாடினான்.

இடது கால் தாண்டிவிட்டது. வலது காலின் குதி அப்பாவின் தலைப்பாகையில் பட்டது. துணி அவிழ்ந்துகொண்டே பறந்துபோய் மேலே ஒரு கொக்கியில் மாட்டி, செந்துளுவன் வாழைக்குலைக்குப் பக்கத்தில் தொங்கி ஆடியது. சுயம்புராஜ் அந்தப் பக்கம் பழத்தட்டு மேல் விழுந்தான். கூட்டம் சிரித்தது. டைரக்டர் தம்பி வாயைக் கையால் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சிரித்த சிரிப்பில் கட் சொல்ல மறந்துவிட்டான்.

வைகுண்டமணி கண்ணைத் திறக்கவில்லை. வெறுந்தலையோடு, வாய் லேசாகத் திறந்தபடி, சொன்ன சொல் தவறாமல் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் அப்படிக் கிடக்கக் கிடக்கச் சிரிப்பு கூடிக்கொண்டே போனது.

சுயம்புராஜின் மனைவி நந்தனா எல்லாருக்கும் சாயா கொண்டுவந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள். பாத்திரத்தைக் கீழே வைத்தாள். கேமராவுக்குக் குறுக்கே நடந்துபோய், ஸ்டூலில் ஏறி, கொக்கியிலிருந்து துணியை எடுத்தாள்.

"மாமா, எழும்புங்க. போதும்."

அவர் எழுந்து உட்கார்ந்து எல்லாரையும் பார்த்து, பொதுவாக ஒரு சிரிப்புச் சிரித்தார். "சரியா செஞ்சேனா தம்பி?" என்று கேட்டார். துணியை மருமகளிடமிருந்து வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். கட்டவில்லை.

அவர் கடைக்குப் பின்னால் முகம் கழுவப் போன நேரத்தில் டைரக்டர் தம்பி சுயம்புராஜைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். "அண்ணா, நான் திட்டச் சொன்னா நீங்க தாண்டிட்டீங்க! ஆனா இதுதான் அண்ணா படம். எழுதி வராது இது!"

சுயம்புராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. பழம் பொதிகிற பழைய பேப்பரில் தினமும் பார்க்கிற வார்த்தைதான். அமைச்சர் சாடல், எதிர்க்கட்சி சாடல் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பான். தெரியாத வார்த்தையே இல்லை. அன்றைக்குப் பார்த்து அவனுக்கு வீட்டு அர்த்தம்தான் முன்னால் வந்து நின்றது.

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. குலை எங்கே வந்தது, யார் காசு பாக்கி என்று வழக்கம்போலவே பேசினார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சுயம்புராஜும் நினைத்துக்கொண்டான். இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை நந்தனாதான் சொன்னாள்.

"மாமா தாங்கலுக்குப் போவல."

"உடம்புக்கு ஏதும்…"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. போன வாரமும் போவல. நீங்க கவனிக்கல. தலப்பாத் துணி அலமாரியில மடிச்ச மடிப்புக் கலையாம இருக்கு. தெரியாம செஞ்சதுன்னு சொல்லிருங்க அத்தான். வார்த்தை மாறிப்போச்சுன்னு சொல்லுங்க. அவரு, கதையே அப்படித்தான்னுல்லா நெனச்சிட்டிருக்காரு."

"சொல்லுதேன்" என்றான். சொல்லவில்லை. சொல்ல வாயைத் திறக்கும்போதெல்லாம் அதற்கு அடுத்தாற்போல் அப்பா என்ன கேட்பார் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கேள்விக்குப் பயந்து கடையில் அப்பா முன்பக்கம் வந்தால் இவன் பின்பக்கம் போனான். சாப்பாட்டுக்கு ஒன்றாக உட்காருவதைக்கூட விட்டுவிட்டான். வெட்கக்கேடு என்று சொல்வார்களே, அதை அவன் சோற்றோடு சேர்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

டைரக்டர் தம்பிக்குப் போன் செய்து அந்தக் காட்சியை மட்டும் படத்திலிருந்து எடுத்துவிடு என்று கெஞ்சினான்.

"அண்ணா, என்ன விளையாடறீங்களா? பார்த்தவங்க எல்லாம் அங்கேதான் சிரிக்கறாங்க. அதை எடுத்துட்டா படத்துல வெறும் பழத்தோல்தான் இருக்கும்."

அந்தப் பழத்தோலோடு ஊர் போய்ச் சேரேன்லே என்று யாராவது அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். சுயம்புராஜுக்குச் சொல்லத் தெரியவில்லை. போனை வைத்துவிட்டான்.

பிறகு நாகர்கோவிலில் ஒரு ஹாலில் படத்தைப் போடுகிறோம், நடித்தவர்கள் எல்லாரும் வர வேண்டும் என்று அழைப்பு வந்தது. சுயம்புராஜ் அதை வீட்டில் சொல்லாமலே மறைக்கப் பார்த்தான். பிரபின் நேராகக் கடைக்கே வந்து சொல்லிவிட்டான்.

"போவோம்" என்றார் வைகுண்டமணி.

"வேண்டாம்பா. சும்மா கூட்டம்…"

"நான் கண்ணை மூடிட்டுல்லா கெடந்தேன். ஊரெல்லாம் பாத்தாச்சு. நான் பாக்க வேண்டாமா?"

வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. எண்ணெய் தடவி வாரிய தலை. அப்பாவும் மகனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். விளக்கை அணைத்தார்கள், பியானோ தொடங்கியது. போலீஸ்காரன் ஒருவன் பழத்தோலில் வழுக்கி, எழுந்து, தொப்பியை எடுக்கக் குனிந்து, அதே தோலில் மறுபடி வழுக்கினான். வைகுண்டமணி தொடையில் தட்டிச் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். "அடப்பாவி, பாத்துப் போவக்கூடாதா" என்று திரையோடு பேசினார். அப்படியே சிரித்துக்கொண்டே அதையும் தாண்டிப் போய்விடுவார் என்று சுயம்புராஜுக்கு ஒரு நப்பாசை.

திரையில் எழுத்து வந்தது: 'முதலாளி உறங்குகிறார். தொழிலாளிக்குத் துணிச்சல் வருகிறது.'

தன் முகத்தை அவ்வளவு பெரிதாக அவன் பார்த்ததே இல்லை. அந்த முகத்தில் வருத்தம் என்று ஒரு பொட்டு இல்லை. ஓடி வந்தான், சாடினான், தலைப்பாகை பறந்தது. ஹால் முழுக்கச் சிரிப்பு. டைரக்டர் தம்பி அங்கேயே காட்சியை வெட்டாமல் விட்டு வைத்திருந்தான். கொக்கியில் துணி ஆடுகிறது, கீழே அப்பா தூங்குகிறார், சிரிப்பு அடங்குகிறது. அப்போது அப்பாவின் வலது கை நெஞ்சிலிருந்து லேசாக எழுந்தது. தலையை நோக்கிக் கொஞ்சம் போனது. பாதி வழியில் நின்றது. திரும்பி நெஞ்சிலேயே வந்து படுத்துக்கொண்டது. ஜனங்கள் அதற்குத்தான் அதிகமாகச் சிரித்தார்கள். பின்வரிசையில் ஒருவர் விசில் அடித்தார்.

கடையில் அன்றைக்குப் பழத்தட்டு மேல் கிடந்த சுயம்புராஜ் அந்தக் கையைப் பார்க்கவில்லை. இப்போதுதான் பார்த்தான். பக்கத்தில் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பக்கத்து நாற்காலியில் சிரிப்புச் சத்தம் நின்றுபோயிருந்தது மட்டும் கேட்டது.

படம் முடிந்ததும் இருவரையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். டைரக்டர் தம்பி மைக்கைப் பிடித்துக்கொண்டு 'சாடு' கதையைச் சொன்னான். நான் திட்டச் சொன்னேன், இவர் தாண்டிவிட்டார், இந்த ஊர்த் தமிழே தமிழ் என்றான். கூட்டம் இரண்டாம் தடவை சிரித்தது. நாகர்கோவில் ஜனம்தானே, அவர்களுக்கும் சாடுவது குதிப்பதுதான். அதனால் இன்னும் கூடுதலாகவே சிரித்தார்கள். வைகுண்டமணி மகனை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பொன்னாடை போர்த்தினார்கள். பேசச் சொன்னார்கள். கையைக் கூப்பி, அவர்கள் வழி வணக்கமாக "அய்யா உண்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவர், பக்கத்தில் இவன். சுசீந்திரம் தாண்டியதும் அப்பாதான் பேச்சை எடுத்தார்.

"அப்போ கதையில அப்படி இல்ல."

"இல்லப்பா. வார்த்தை மாறிப்போச்சு. நான் தெரியாம…"

"அது சரி. சாடுன்னு எழுதியிருந்தா நானும் அப்படித்தான் படிச்சிருப்பேன். அதுல தப்பில்ல." பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "ஏலே, ஒண்ணு கேக்கட்டா? அப்பனுக்கு மேல சாடணும்னு எழுதியிருக்குன்னுதானே நீ நெனச்சே?"

சுயம்புராஜ் கையிலிருந்த டிக்கெட்டைச் சுருட்டினான்.

"நெனச்சு, சரின்னுதானே சாடுனே? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே மக்கா."

இத்தனை நாளும் அவன் ஓடி ஒளிந்தது இந்தக் கேள்விக்குத்தான். வார்த்தை மாறியது ஒரு நொடியில். அப்பாவின் மேல் குதிப்பது என்று தெரிந்தும், கூட்டம் பார்க்கிறதே என்ற நினைப்பில் வேட்டியை மடித்துக் கட்டியது இவன்தான். அதற்கு எந்த ஊர்த் தமிழும் பொறுப்பாகாது.

"கேட்டிருந்தா நான் சாடுன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார் அப்பா. "தலப்பாவை அவுத்து வச்சிட்டுக் கெடந்திருப்பேன். அவ்வளவுதானே." பிறகு அஞ்சுகிராமம் வரும் வரை ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையைப் பாதிதான் திறந்திருந்தார்கள். வைகுண்டமணி அதே பெஞ்சில் படுத்துக் கண்ணை மூடியிருந்தார். தாங்கலிலிருந்து சங்கு ஊதும் சத்தம் கேட்டது. அவர் அசையவில்லை. சுயம்புராஜ் வீட்டுக்குப் போய் அலமாரியிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டு வந்து, பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

"அந்தப் பய அன்னைக்கு சொல்லவே இல்ல, பாத்தியா" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே.

"எதைப்பா?"

"சொல்லுவேன், அதுவரைக்கும் கண்ணைத் தொறக்காதேன்னான்லா. தலையில காத்துப் பட்டதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. கை தன்னால போச்சு. எழும்பினா படம் கெட்டுப்போவுமேன்னு அடக்கிட்டேன். நீ ஆசையா நடிக்கிற படம்லா. எல்லாவனும் சிரிச்சானுவ. இப்பம் சொல்லுவான், இப்பம் சொல்லுவான்னு கெடந்தேன்."

சுயம்புராஜுக்கு அழுகை வந்துவிட்டது. பெஞ்சின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தான். மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு, குரல் வந்தமட்டும் சொன்னான்.

"கட்டுப்பா."

அவர் கண்ணைத் திறந்தார். மகன் கையில் இருந்த துணியைப் பார்த்தார். எழுந்து உட்கார்ந்து, தலையை அவன் பக்கமாகச் சாய்த்தார்.

"கெட்டு" என்றார்.

அவன் கட்டினான். இரண்டு தடவை அவிழ்ந்தது. மூன்றாம் தடவை ஒரு மாதிரியாக நின்றது, இடது பக்கம் கொஞ்சம் சரிந்து. அப்பா அதைத் தொட்டுப் பார்த்தார், சரிசெய்யவில்லை. அப்படியே எழுந்து, சட்டையைக் கழற்றிப் பெஞ்சில் போட்டுவிட்டு, கடைத்தெரு வழியாகத் தாங்கலுக்கு நடந்தார். எதிரே வந்த இரண்டு பேர் படத்தைப் பார்த்தவர்கள் போலிருக்கிறது, சிரிக்க ஆரம்பித்து, அவர் நடையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். சுயம்புராஜ் பின்னாலேயே போனான்.

வாசலில் அப்பா நெற்றியில் நாமமிட்டு உள்ளே போனார். கண்ணாடிக்கு முன்னால் நின்று, கோணலான தலைப்பாகையோடு தன்னைப் பார்த்துக் கும்பிட்டார். ரொம்ப நேரம் கும்பிட்டார். பிறகு திரும்பி வாசல் பக்கம் பார்த்தார்.

"என்னலே அங்கன நிக்கே? நீயும் கெட்டிட்டு வா."

தோளில் கிடந்த துண்டைச் சுயம்புராஜ் கையில் எடுத்தான். தலை வரைக்கும் கொண்டுபோனான். அதற்கு மேல் கை போகவில்லை. துண்டைத் திரும்ப நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் தன் முகம் விழாத இடமாகப் பார்த்து, வாசலுக்கு வெளியிலேயே நின்றான்.